இரண்டாவது உலக்கை

வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நான் ஒருவருக்கும் வேலைக்காரி இல்லை. இத்தாலியில், பலேர்மோவில் வீட்டு வேலை செய்த எங்கள் எல்லோருக்கும் அதுதான் ஏற்பாடு. ஞாயிறு முழுநாள், வியாழன் அரைநாள். அந்த அரைநாளை நித்திரைக்கென்றே வைத்திருந்தேன். தலையணையில் தலை வைத்தால் இருட்டின பிறகுதான் எழும்புவேன். அப்படிப்பட்ட அரைநாளை, தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாரிகாலம் முழுவதும் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் மா அரைக்கிற மெசினின் பிடியைச் சுற்றியே கழித்தேன். அதற்கு மன்னார்க்காரிதான் பொறுப்பு.

மன்னார்க்காரி என் சிநேகிதி. பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஒழுங்கையில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தாள். அவள் வேதக்காரி, நான் சைவம். அவளுடைய கோயிலில் வயதான இத்தாலியர்கள் நாலைந்து பேர் ஒரு தொண்டர் குழு வைத்திருந்தார்கள். கடலை உடைக்கிற மெசின், சோளம் அரைக்கிற மெசின், தக்காளி காயவைக்கிற பெட்டி என்று கரண்ட் இல்லாத இடங்களுக்குத் தோதான சாமான்களைத் தங்கள் கையாலேயே செய்து, பாதர்மார் மூலமாக ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவார்கள். அதற்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. அந்த முறை வன்னியில் இருந்த ஒரு பாதர் அவர்களிடம் உதவி கேட்டிருந்தார். சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் காட்டோரம் கொட்டில் போட்டு இருக்கிறது, டீசல் இல்லாததால் மில் ஓடுவதில்லை, பெண்கள் அரிசியைக் கையால் இடிக்கிறார்கள், ஏதாவது செய்ய முடியுமா என்று.

"நீ வந்து ஒருக்கா அரைச்சுப் பார்," என்றாள் மன்னார்க்காரி. "எங்கடை புட்டுமாவைப் பற்றி அவையளுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு நித்திரை வேணும்."

"செத்தாப் பிறகு படுக்கலாம். உன்ரை கொக்காவும் அங்கைதானே இருக்கிறா?"

அந்த ஒரு கதையில் என்னைப் பிடித்துவிட்டாள். என் அக்கா அங்கேதான் இருந்தார். அத்தான் செத்து, வீடு வளவை விட்டு, ஒரே மகளோடு எல்லாச் சனத்தோடும் நடந்து வன்னிக்குப் போனவர். நான் காசு அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அது கொழும்புக்குப் போய், வவுனியாவுக்குப் போய், யாருடைய கையிலோ காட்டுக்குள் போய்ச் சேர வேண்டும். சில நேரம் சேர்ந்தது. ஆட்கள் மூலம் வருகிற செய்தியில் அக்கா எப்போதும் நல்ல சுகம். மா இடித்துத் தோள் நோகிறது என்று மட்டும் ஒருமுறை சொல்லியிருந்தார்.

மெசின் செய்தவர் ஒரு இஞ்சினியர். கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டிய மனிதர், எங்களோடு கதைப்பதை விட மெசினோடு அதிகம் கதைப்பார். காதை இரும்பில் வைத்துக்கொண்டு, சுற்று என்று கையைக் காட்டுவார். நாங்கள் சுற்றுவோம். எந்த இடத்தில் உரசுகிறது, எந்தப் பல் சரியில்லை என்று சத்தத்திலேயே பிடித்துவிடுவார். என்னை அவர் சின்யோரா என்று கூப்பிட்டார். வேலை செய்கிற வீடுகளில் எசமானியை நான்தான் அப்படிக் கூப்பிடுகிறவள். முதல் தரம் கேட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவரிடம் இருந்தது சோளத்துக்குச் செய்த மெசின். எங்கள் அரிசியைப் போட்டதும் களியாகி அடைத்துக்கொண்டது. அரிசியை ஊறவைத்து, வடியவிட்டு, ஈரம் இருக்கும்போதே இடித்தால்தான் புட்டுக்குச் சரிவரும் என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரமே போனது. என் இத்தாலி குசினியிலும் குளியலறையிலும் படித்தது. துடை, கழுவு, அடுக்கு, எங்கே வைத்தாய் என்பதற்கு மேல் அது போகாது.

"ஏன் ஈரம்?" என்று கேட்டார்.

ஏன் என்று எனக்கு எப்படித் தெரியும். இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. மன்னார்க்காரியைப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள்.

ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. அரைக்கிற தகட்டில் காடியை அகலமாக்கினார். அரிசியைத் துணியில் பரப்பி எவ்வளவு உலரவிடலாம் என்று எங்களிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார். பிடியை நீளமாக்கி, பாரமான சில்லு ஒன்றைப் பூட்டினார். வியாழன் வியாழனாக நாங்கள் சுற்றினோம். காலையில் சின்யோராவின் மாபிள் தரையில் முழங்கால், மத்தியானத்துக்குப் பிறகு இந்தப் பிடியில் தோள். எங்கேயோ இருக்கிற பெண்களுடைய உடம்பு நோகாமல் இருக்க இங்கே இரண்டு பெண்களின் உடம்பை முறிக்கிறார்கள் என்று நான் தமிழில் சொல்லுவேன். மன்னார்க்காரி சிரிப்பாள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டுவார்.

கடைசியில் மா வந்தது. அரிதட்டில் அரித்து, அந்த மண்டபத்துக் காஸ் அடுப்பில் வறுத்து, புட்டு அவித்தோம். நல்ல புட்டு. இஞ்சினியர் அதில் ஒலிவ் எண்ணெயை ஊற்றி உப்புத் தூவி இரண்டு கோப்பை சாப்பிட்டார். மன்னார்க்காரி அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அத்தனை மாதக் களைப்பிலும் அன்று பின்னேரம் பாரமில்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.

அந்தத் தொண்டர் குழுவுக்கு ஒரு விதி இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் அங்கே இருக்கிற சனத்தைக் கேட்க வேண்டும். முன்னொருமுறை கேட்காமல் அனுப்பிய மெசினுக்குள் இப்போது கோழி முட்டையிடுகிறது என்று இஞ்சினியரே சொன்னார். அதனால் நான் அக்காவுக்கு ஒரு கசெற் பேசி அனுப்பினேன். அந்த நாளில் வன்னிக்குள் டெலிபோன் இல்லை. கொழும்புக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிட்டால், அது கைமாறிக் கைமாறிப் போகும். மெசின் எப்படி இருக்கும், மா எப்படி விழும், இனி உலக்கையே தேவையில்லை அக்கா என்று ஒரு பக்கம் முழுக்கக் கதைத்திருந்தேன். பதில் கசெற் வர நாலைந்து மாதம் எடுத்தது.

வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதைப் போட்டுக் கேட்டேன்.

"தங்கச்சி, நான் நல்ல சுகம்," என்று அக்கா தொடங்கினார். பின்னால் உலக்கைச் சத்தம். "பாதரிட்டை றெக்கோடரை வாங்கிக்கொண்டு வந்து, வேலை செய்துகொண்டேதான் கதைக்கிறன். கோவிக்காதை. பிள்ளை பள்ளிக்கூடம் போயிட்டாள். நல்லாப் படிக்கிறாள், அதிலை ஒரு குறையுமில்லை."

பிறகு ஊர்ச்சனத்தில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம். அதற்குப் பிறகுதான் மெசினுக்கு வந்தார்.

"நீ சொன்னது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்டு. நான் இடிக்கிறது எங்கடை அடுப்புக்கு இல்லை. ஏலாத சனம், வேலைக்குப் போற சனம், அரிசியைக் கொண்டந்து தருவினம். இடிச்சு, அரிச்சு, வறுத்துக் குடுத்தா எங்களுக்கும் ஏதும் தருவினம். நீ அனுப்பிற காசு வந்தா உண்டு, வராட்டி இல்லை. உலக்கைதான் எங்களுக்குச் சோறு போடுது. மெசின் வந்தா என்னட்டை ஆர் வரப்போயினம்? வேண்டாமெண்டு சொல்லு தங்கச்சி. உன்ரை கையைப் பிடிச்சுக் கேக்கிறன்."

அக்கா ஊருக்கு மா இடித்துக் கொடுத்துத்தான் சீவிக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். முதலில் கோபம் வந்தது. இவ்வளவு நாளும் சொல்லவில்லையே என்று அக்காவில் கோபம், நல்லது செய்கிறேன் என்று வந்த கிழவரில் கோபம், என் நித்திரையைக் கெடுத்த மன்னார்க்காரியில் கோபம். அந்தக் கிழமை முழுவதும் அந்தக் கசெற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சின்யோராவின் வெள்ளிக் கரண்டிகளை மினுக்கிக்கொண்டே, வேண்டாம் என்பதை இத்தாலியில் எப்படி மரியாதையாகச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அனுப்ப வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்றதும் மன்னார்க்காரிக்குப் பிடிக்கவில்லை. "கொக்காவின்ரை கொட்டில் ஒண்டு. அங்கை எத்தினை கொட்டில் இருக்கு?" என்று படியில் வைத்துக் கேட்டாள். "மற்றப் பொம்பிளையளின்ரை தோளை ஆர் பாக்கிறது?"

"அதுகள் என்ரை அக்கா இல்லை," என்றேன்.

அவள் மேலே ஏறிப் போய்விட்டாள். அந்த வியாழன் மண்டபத்துக்கு நான் தனியாகத்தான் போனேன்.

இஞ்சினியர் மெசினுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் திரும்பிப் போகலாமா என்றிருந்தது. நின்றபடியே சொன்னேன். அவர்களுக்கு வேண்டாமாம்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். "யார் சொன்னது?"

"கொமுனித்தா," என்றேன். அது அவர்களுடைய சொல். எந்த மெசினும் ஒரு ஆளுக்கு இல்லை, அந்த இடத்துக் கொமுனித்தாவுக்குத்தான் என்று எப்போதும் சொல்லுவார்கள். ஊர், சனம், சமூகம் என்று எதைப் போட்டாலும் தமிழில் அது சரியாக வராது. அன்றைக்கு எனக்கு அக்கா ஒருத்திதான் கொமுனித்தா.

கசெற்றில் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார். ஓம், மா இடித்துக்கொண்டே கதைத்திருக்கிறார்கள் என்றேன். தனக்கும் போட்டுக் காட்டச் சொன்னார். உங்களுக்கு விளங்காதே என்றேன்.

"கதை விளங்காது. இடிக்கிற சத்தம் இருக்கிறது என்றாயே. இந்த மெசின் எந்த வேலைக்குப் பதிலாகப் போகிறதோ, அந்த வேலையை நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. அதையாவது கேட்கிறேன்."

அதற்கு இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. கைப்பையில் இருந்த கசெற்றை எடுத்து மண்டபத்து றெக்கோடரில் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் குரல் ஓடிக்கொண்டிருக்க, அவருடைய இரண்டு கைவிரல்களும் மேசையில் தட்டத் தொடங்கின. இடது, வலது, இடது, வலது.

"இரண்டு பேர்," என்றார்.

"இல்லை. அக்கா தனிய."

"இரண்டு பேர், சின்யோரா. ஒன்று கனம், மற்றது லேசு. லேசானது பிந்தி விழுகிறது. கனமானது அதற்காகப் பொறுத்து நிற்கிறது. கேள்."

திருப்பிப் போட்டார். நானும் கேட்டேன்.

ஒரு உரலில் இரண்டு பேர் மாறி மாறி இடிப்பது எங்களுக்குப் புதிதில்லை. சின்ன வயதில் அக்காவும் நானும் அப்படித்தான் இடிப்போம். என் உலக்கை பிந்தும். என் கையில் அடித்துவிடாமல் அக்கா தன் உலக்கையை மேலேயே பிடித்துக்கொண்டு நிற்பார், "பாத்தடி" என்பார். அந்தக் கசெற்றிலும் ஒரு இடத்தில், சனத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது, அக்கா குரலைத் தாழ்த்தி "பாத்தடி" என்கிறார். நான் அதை எத்தனையோ தரம் கேட்டிருந்தேன். ஆட்டையோ கோழியையோ அதட்டுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். கதையைத்தான் கேட்டேனே தவிர, கதைக்குப் பின்னால் கேட்டதைக் கவனிக்கவில்லை.

வேறொரு பெண் கூட நின்று இடித்தால் கிடைப்பதில் பங்கு கொடுக்க வேண்டும், அக்காவுக்கு அது கட்டாது. வேறொரு பெண்ணைப் பாத்தடி என்று அதட்டவும் மாட்டார். "பிள்ளை பள்ளிக்கூடம் போயிட்டாள்" என்று அக்கா சொல்லுகிறபோது அந்த லேசான உலக்கை விழுந்துகொண்டுதான் இருந்தது.

"மற்றது யார்?" என்று கேட்டார்.

அக்காவின் பிள்ளை, என் பெறாமகள். இத்தாலியில் அதற்குத் தனிச்சொல் இல்லை, பேத்திக்கும் அதே சொல்லைத்தான் சொல்லுவார்கள். அதனால் மகள் என்றே சொன்னேன். பதின்மூன்று வயது. பள்ளிக்கூட நேரம். இவ்வளவும் சொல்ல என் குசினி இத்தாலி போதுமாக இருந்தது.

கதிரையைத் தேடி இருந்தேன். நான் காசு அனுப்புகிறேன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விடுங்கோ என்று அக்காவுக்கு இன்னொரு கசெற் அனுப்பலாம். ஐந்து மாதத்தில் பதில் வரும், பிள்ளை பள்ளிக்கூடம் போயிட்டாள் என்று. அக்காவைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. தோள் போன மனுசி தனிய எவ்வளவுதான் இடிப்பது. அக்காவின் கையை விட்டு உலக்கை போனால்தான் பிள்ளையின் கையை விட்டும் போகும் என்பது அந்த மண்டபத்தில் இருந்தபோது எனக்குத் தெளிவாக விளங்கியது. அப்படி விளங்காமலே இருந்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன்.

"அனுப்புங்கோ," என்றேன்.

"கொமுனித்தா வேண்டாம் என்றதே?"

"இப்ப வேணுமாம்."

அவர் சிரிக்கவில்லை. நான் விடாமல் கேட்டேன். அதை அக்காவின் பெயருக்கே அனுப்ப முடியாதா, அக்கா மெசினால் அரைத்துக் கொடுத்து அதில் சீவித்துக்கொள்வாரே என்று. அதுதான் எல்லாவற்றுக்கும் வழி என்று எனக்குப் பட்டது. அவர் தலையை ஆட்டினார். ஒரு வீட்டில் வைத்தால் மற்ற வீடுகள் எல்லாம் அந்த வீட்டின் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டி வரும், அப்படி ஒரு இடத்தில் அடிதடியே நடந்தது, தானே போய்ப் பார்த்தேன் என்றார். நான் குரலை உயர்த்தினேன். அங்கே கொமுனித்தா என்று ஒன்று கிடையாது, பத்து ஊர்ச் சனம் பத்துத் திக்கில் இருந்து வந்து ஒரு கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறது, அதில் யாரைக் கொமுனித்தா என்கிறீர்கள் என்று கேட்டேன். பாதி தமிழில்தான் கேட்டிருப்பேன். அவர் கடைசிவரை இருந்து கேட்டார். முடியாது என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. அதுதான் என்னை இன்னும் களைக்கப் பண்ணியது.

இரண்டு பேரும் சேர்ந்து மெசினைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினோம். ஒவ்வொரு துண்டையும் அவர் பழைய பேப்பரில் சுற்றித் தந்தார், நான் வாங்கி வைத்தேன். இருட்டிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் மன்னார்க்காரியின் வீட்டுக் கதவைத் தட்டி, அனுப்பச் சொல்லிவிட்டேன் என்றேன். ஏன் என்று அவள் கேட்டாள். பெறாமகளைப் பற்றிச் சொன்னேன். உள்ளே வா, தேத்தண்ணி குடி என்றாள். குடித்துவிட்டு அவளுடைய சோபாவிலேயே நித்திரையாகிப் போனேன்.

அக்காவுக்கு நான் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. என்ன சொன்னாலும் அது சாக்கும் சாட்டும்தான். கையைப் பிடித்துக் கேட்டவருடைய கையைத் தட்டிவிட்டேன், அவ்வளவுதான் நடந்தது. மெசின் கப்பலில் போய், கொழும்பில் கிடந்து, வழியில் உள்ள சோதனைச் சாவடிகளிலும் கிடந்து, ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் நான் வேலை செய்த வீடு மாறியது. இஞ்சினியர் நோய் வருத்தத்தில் விழுந்து மண்டபத்துக்கு வருவதை நிறுத்தினார். வியாழக்கிழமைகளில் நான் மறுபடி நித்திரை கொள்ளத் தொடங்கினேன். ஆனால் பழைய மாதிரி நித்திரை வரவில்லை.

அக்காவின் கசெற் ஒரு ஞாயிறு வந்து சேர்ந்தது. கொண்டுவந்து கொடுத்த ஆள் போகும்வரை பொறுத்திருந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் போட்டேன். முதலில் நான் தேடியது உலக்கைச் சத்தத்தைத்தான். இல்லை. தூரத்தில் காகம் கத்துவது மட்டும் கேட்டது. அக்கா ஆறுதலாகக் கதைத்தார், எங்கேயோ சும்மா இருந்து கதைக்கிற மாதிரி.

"மெசின் வந்திட்டுது தங்கச்சி. நல்ல மெசின்தான். பாதர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலை ஒரு கொட்டில் போட்டு வைச்சிருக்கிறார். சனம் வரிசையிலை நிண்டு தங்கடை மாவைத் தாங்களே அரைக்குதுகள். என்னட்டை இப்ப ஒருத்தரும் வாறேல்லை. நான் வயலுக்குப் புல்லுப் புடுங்கப் போறன். நாள் முழுக்கக் குனிஞ்சு நிக்கிற வேலை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகேலாது, சின்னப் பிள்ளையளை அங்கை எடுக்கமாட்டினம். அவள் பள்ளிக்கூடம் போறாள். இந்தமுறை உண்மையாத்தான் போறாள்."

முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்தக் கையை நீட்டினேன்.

"நான் வேண்டாமெண்டு சொன்னதை நீ அவையளுக்குச் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஏனெண்டும் தெரியும், பிள்ளையின்ரை உலக்கை உனக்குக் கேட்டிருக்கும். கோவமில்லையெண்டு மட்டும் நான் சொல்லமாட்டன். எனக்கு உன்னிலை கோவம்தான், தங்கச்சி."

கோவிக்கட்டும் என்று குசினிக்குள் நின்று வாய்விட்டுச் சொன்னேன். அவள் பள்ளிக்கூடம் போகட்டும், அக்கா கோவிக்கட்டும். சொல்லிவிட்டு அந்த மேசையிலேயே தலையை வைத்து அழுதேன்.